ஒரு நாளைக்கு ஒன்று: டயப்பரிலிருந்து துணிக்கு

இரண்டாவது மகளுக்கு நாலு மாதம் ஆனபோது, இனி டயப்பர் வேண்டாம், துணிக்கு மாறிவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். அத்தை பதறிப்போனார். “ஏம்மா, நாலு பிள்ளையையும் வேட்டித் துணியிலதான் வளர்த்தேன். கிணத்தடியில குந்தி பீத்துணி அலசி அலசி விரலிடுக்கெல்லாம் வெந்து கிடந்துச்சு. உங்க காலத்துல அந்தக் கஷ்டம் இல்லையேன்னு நிம்மதியா இருந்தேன். நீ ஏம்மா மறுபடியும் அதுல போய் விழற?”

பாட்டிமார் எல்லோரும் துணியின் பக்கம்தான் பேசுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். நான்கு குழந்தைகளின் துணியை ஒற்றை ஆளாகத் துவைத்த ஒருவருக்கு வேறு நினைவு இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. “துவைக்கப்போறது நீங்க இல்ல அத்தை. நான் மட்டும் தனியாவும் இல்ல. உங்க மகனும்தான்” என்றேன். அவர் நம்பவில்லை. மூன்று வாரம் கழித்து, மாடியில் அவர் மகன் நாப்பிகளை உதறிக் கொடியில் போடுவதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

துணிக்கு மாறி ஒரே மாதத்தில் கைவிட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எந்த வீட்டிலும் துணி சரியில்லை என்று கைவிடவில்லை. வாளி நிரம்பிவிடும், இரவெல்லாம் பால் கொடுத்த அம்மாவே காலையில் அதன் முன் உட்கார வேண்டியிருக்கும், நாலாம் நாள் மருந்துக்கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே ஒரு நாப்பியும் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்து பேசுங்கள். யார் துவைப்பது, எந்தெந்தக் கிழமை துவைப்பது, எங்கே காயப்போடுவது என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். பதிலில் அம்மாவின் பெயர் மட்டும் இருந்தால் அந்தத் திட்டம் நிற்காது. எங்கள் வீட்டில் இரவு மெஷினில் போடுவது என் வேலை, காலையில் எடுத்துக் காயப்போடுவது என் கணவர் வேலை, மாலையில் மடித்து அடுக்குவது அத்தை தானாக எடுத்துக்கொண்ட வேலை. உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடம் இதைத் தள்ளுவதாக இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள். சம்மதித்தால் அதற்குத் தனிச் சம்பளம் கொடுங்கள், கையுறை வாங்கிக் கொடுங்கள். மலத்தைத் தட்டிவிட்ட துணியைத்தான் அவர் கைக்குத் தர வேண்டும்.

இனி இந்த அத்தியாயத்தில் டயப்பர் என்றால் ஒரு முறை போட்டுத் தூக்கியெறிவது. நாப்பி என்றால் துவைத்துத் திரும்பக் கட்டுவது.

கணக்கும் குப்பையும்

ஒரு டயப்பர் 10 ரூபாய், ஒரு நாளைக்கு 6 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 21,900 ரூபாய். இரண்டு ஆண்டில் 4,380 டயப்பர். விலையும் எண்ணிக்கையும் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நாப்பிக்கு முதலில் கையிலிருந்து ஒரு தொகை போகும். பிறகு சோப்புத் தூள், தண்ணீர், மின்சாரம். அடுத்த குழந்தைக்கும் அதே துணி என்றால் லாபம் அங்கேதான்.

டயப்பரின் உள்ளே மரக்கூழும், ஈரத்தை இழுத்துக் கூழாக மாறும் சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகளும் இருக்கின்றன. மேலும் கீழும் பிளாஸ்டிக் இழையும் பிளாஸ்டிக் தாளும். மட்குவதற்கு வழியில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி டயப்பரைத் தயாரிப்பாளர் தரும் உறையிலோ வேறு தகுந்த உறைபொருளிலோ நன்றாகச் சுற்றித்தான் குப்பையில் போட வேண்டும். எத்தனை வீட்டில் அப்படிச் செய்கிறோம்? சுற்றாமல் போட்டதை ஒரு தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிறார். சென்னையில் அது பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போய்ச் சேர்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே பெருங்குடிக் குப்பைமேடு கிடக்கிறது. நான் மாறியதற்கு முதல் காரணம் பணம் இல்லை, இதுதான்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டரை ஆண்டுக்கு டயப்பரின் கார்பன் கணக்கை 550 கிலோ என்றும், சராசரி வீட்டில் துவைக்கும் நாப்பியின் கணக்கை 570 கிலோ என்றும் காட்டியது. மெஷின் நிறையத் துணி போட்டு, கொடியில் காயவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் நாப்பியின் கணக்கு 40 சதவீதம் வரை குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. 2023-இல் அங்கே மறுபடி கணக்கிட்டபோது நாப்பி டயப்பரைவிட 25 சதவீதம் குறைவு என்று வந்தது. ஆக, துவைக்கும் விதமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. டிரையர் இல்லாத, வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் நாம் இருக்கிறோம். நமக்குக் குறைவது தண்ணீர். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டதை நினைவில் வைத்திருப்பவர்கள், கடைசி அலசல் தண்ணீரைக் கழிப்பறைக்குப் பிடித்துவையுங்கள். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் மாதங்களில் பாதி டயப்பர், பாதி துணி என்று இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

எந்தத் துணி

கடையில் போய் நின்றால் தலை சுற்றும். பாக்கெட் நாப்பி, ஆல்-இன்-ஒன், ப்ரீஃபோல்ட், கவர், இன்சர்ட் என்று அடுக்குவார்கள். சாரம் எளிது. ஈரத்தை உறிஞ்ச ஒன்று வேண்டும், ஈரம் வெளியே வராமல் தடுக்க ஒன்று வேண்டும். உறிஞ்சுவது பருத்தி, தடுப்பது கவர். கவர் என்பது உள்பக்கம் வழவழப்பாகப் பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர் துணி. கடைக்காரர்கள் பியுஎல் என்பார்கள். பாக்கெட் நாப்பியில் கவரும் அதனுள் சொருகும் பட்டையும் தனித்தனி. ஆல்-இன்-ஒன்னில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். போடுவதற்கு அது டயப்பரைப் போலவே சுலபம், காய்வதற்கு மிகவும் மெதுவு. நம் ஊர் ஐப்பசி மழையில் அது ஒரு நாளில் காயாது. அதனால் முதன்முதலாக வாங்குபவர்களுக்கு நான் ஆல்-இன்-ஒன்னைச் சொல்வதில்லை.

என் மனத்துக்கு உகந்தது சாதாரணச் சதுரத் துணி. நாலு பக்கமும் இருந்து மடித்துக் கட்டி, மேலே ஒரு கவர். ஒற்றை அடுக்காக விரிவதால் நன்றாக வெளுக்கும், ஒரு மணி நேர வெயிலில் காயும், விலையும் குறைவு. அத்தையிடம் கற்றது இது: பழகி மெலிந்த எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் சதுரமாக 12 துண்டு கிடைக்கும். வேட்டி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பருத்தி உடனே குடிக்கும். கலப்பில் சொட்டு மேலேயே உருண்டு நிற்கும். கிழித்த ஓரத்தை அப்படியே விடாமல் தையல் கடையில் கொடுத்து ஓரம் அடித்துவிடுங்கள். பிசிறு நூல் குழந்தையின் கால்விரலிலோ ஆண் குழந்தையின் குறியிலோ சுற்றி இறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழும்போது துணியை அவிழ்த்து விரல்களைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும்.

பழைய வேட்டி இல்லாதவர்கள் ஈரோட்டு மல் துணியோ திருப்பூர் பனியன் துணியோ மீட்டர் கணக்கில் வாங்கலாம். மல் சீக்கிரம் காயும், பனியன் துணி அதிகம் குடிக்கும். பகலுக்கு முன்னது, இரவுக்குப் பின்னது. புதுப் பருத்தியில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் முதலில் ஈரம் பிடிக்காது. நாலைந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகே அதன் முழுத் திறமும் வரும். முதல் நாளே ஒழுகுகிறது என்று மனம் விட்டுவிடாதீர்கள். மைக்ரோஃபைபர் பட்டைகள் மலிவாகக் கிடைக்கும், வேகமாகவும் குடிக்கும். ஆனால் அவை தோலில் நேரடியாகப் படக் கூடாது, தோலின் ஈரத்தையும் இழுத்து வறளச் செய்யும். குழந்தை உட்கார்ந்தால் பிழிந்த பஞ்சு போலக் கொஞ்சம் திரும்ப விடவும் செய்யும்.

எத்தனை வேண்டும்? பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10, 12 முறை மாற்ற வேண்டியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைப்பதாக இருந்தால் 24 சதுரத் துணியும் 5 கவரும் போதும். நாலைந்து மாதக் குழந்தைக்கு 18. கவர் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. மலம் படாத வரை துடைத்துக் காற்றாட விட்டு, இரண்டு கவரை மாற்றி மாற்றிப் போடலாம். சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்துவிட்ட குழந்தையின் கவர் கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தொடை எலாஸ்டிக் இழுத்தால் திரும்புகிறதா, உள்பூச்சு உரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு நாப்பி

மொத்த டயப்பரையும் ஒரே நாளில் தூக்கி வைத்துவிட்டு மாறுகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நாப்பி. காலையில் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி முடித்ததும் கட்டுங்கள். வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள், குழந்தையும் கையிலேயே இருக்கும், ஒழுகினால் உடனே தெரியும். அந்த ஒன்றைக் குளியலறையிலேயே கையால் அலசிப் போட்டுவிடலாம். இரண்டாம் வாரம் காலை முழுவதும். மூன்றாம் வாரம் பகல் முழுவதும். இரவும் பயணமும் கடைசி. பகலோடு நின்றுவிட்டாலும் பரவாயில்லை. பகல் மட்டும் துணி என்று இரண்டு ஆண்டும் ஓட்டிய வீடுகள் உண்டு, அவர்கள் மிச்சம் பிடித்ததும் ஆயிரக்கணக்கான டயப்பர்தான்.

கட்டும்போது தொடையிடுக்கின் மடிப்பில் எலாஸ்டிக் சரியாக உட்கார வேண்டும். தொடையின் மேல் உட்கார்ந்தால் அங்கேதான் ஒழுகும். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் இடம் இருக்கட்டும். உள்துணியின் ஓரம் துளியும் கவருக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் திரி போல ஈரத்தை இழுத்துச் சட்டையை நனைக்கும். ஒழுகும் நாப்பிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிசகுதான் இருக்கும் என்பது என் அனுபவம். ஆண் குழந்தைக்கு முன்பக்கம் தடிமனாக மடியுங்கள், பெண் குழந்தைக்கு நடுவில். ஊக்கு குத்தப் பயமாக இருந்தால் குத்தவே வேண்டாம், இறுக்கமான கவரே துணியைப் பிடித்துக்கொள்ளும்.

“இவ்வளவு மொத்தமா துணி வெச்சா கால் அகண்டு போயிடும்” என்று யாராவது சொல்வார்கள். தவளை போலக் காலை விரித்து மடக்கி வைத்திருப்பதே கைக்குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு ஏற்ற நிலை. மாறாக, காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் மூட்டுக்குக் கேடு. பிறந்த குழந்தையின் கால் லேசாக வளைந்தே இருக்கும், இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானாக நேராகும். நாப்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு பழைய வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்து நின்ற பிறகு, காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து “ஸ்ஸ்ஸ்” என்று ஒலி எழுப்புவது நம் வீடுகளில் எல்லோரும் பார்த்ததுதான். பால் குடித்ததும் குடல் அசையத் தொடங்கும் என்பதால் அந்த நேரமும், தூங்கி எழுந்த நேரமும் இதற்குப் பொருத்தம். தினம் ஒருமுறை பலித்தாலும் வாளியில் ஒரு பீத்துணி குறைவு. வற்புறுத்த வேண்டாம். குழந்தை முதுகை வளைத்து மறுத்தால் தூக்கிவிடுங்கள்.

துவைப்பது

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சள் நிறத்தில் தளர்வாக இருக்கும், தண்ணீரில் எளிதாகக் கரையும். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் வரும் கறுப்புத் தார் போன்ற மலம்தான் ஒட்டிக்கொண்டு படுத்தும். அடியில் தேங்காய் எண்ணெய் தடவிவைத்தால் தோலிலிருந்து எளிதில் வந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு கூழும் பருப்புச்சோறும் தொடங்கியதும் மலம் கெட்டியாகும், நாற்றமும் கூடும். அப்போது முதலில் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். நம் கழிப்பறைகளில் பக்கத்திலேயே தொங்கும் ஹெல்த் ஃபாசெட் இதற்கென்றே செய்தது போல இருக்கும். துணியை ஒரு கையால் தொங்கவிட்டு மேலிருந்து கீழாக அடித்தால் அரை நிமிட வேலை. மேலே மெல்லிய துணித் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தால் அதை மட்டும் அலசினால் போதும்.

பிறகு துணியை வாளியில் ஊறப்போடாதீர்கள். அம்மாக்கள் தலைமுறையாகச் செய்ததுதான், ஆனாலும் ஊறவைத்த வாளியில் நாற்றம் பெருகும், எலாஸ்டிக் தளரும். தண்ணீர் நிறைந்த வாளி தவழும் குழந்தைக்கு உயிர் ஆபத்தும்கூட. ஓட்டைகள் உள்ள கூடையில் காற்றாடப் போட்டுவையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுவதால்தான் கண்ணைக் கரிக்கும் அந்த வாசம் வருகிறது. மூத்திரத் துணியையும் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் அலசிப் போட்டால் பாதி வாசம் அடங்கும்.

மெஷினில் முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிறு சுற்று. பிறகு சோப்புத் தூள் போட்டு 40 முதல் 60 டிகிரி வரை ஒரு நீண்ட சுற்று. கடைசியில் ஒரு அலசல் கூடுதலாக. ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் தண்ணீரை மிச்சம் பிடிப்பதால் அந்தக் கூடுதல் அலசல் அவசியம். சோப்புத் தூளைக் குறைத்துப் போடச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். நான் அதைக் கேட்டு ஒரு மாதம் நாற்றத்தோடு அவதிப்பட்டேன். அழுக்குத் துணிக்கு உரிய அளவு போட வேண்டும், பிறகு நன்றாக அலச வேண்டும். கையால் துவைப்பவர்கள் கவரை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், கல்லில் அடிக்காதீர்கள். பருத்தித் துணியை எப்படி வேண்டுமானாலும் துவைக்கலாம். மாதம் ஒருமுறை கொதிக்கும் நீரிலும் போட்டு எடுக்கலாம். கவரைக் கொதிநீரில் போட்டால் பூச்சு உரிந்துவிடும்.

துணி வாசமாக இருக்கட்டும் என்று சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, துணி ஈரம் குடிப்பதைத் தடுக்கும். ஆன்டிசெப்டிக் திரவமும் தேவையில்லை, அலசியது போக மிஞ்சுவது குழந்தையின் தோலை எரிக்கும். சோப்பும் சூடும் வெயிலும் அந்த வேலையைச் செய்துவிடும். மஞ்சள் கறைக்கு மருந்தும் வெயில்தான். ஈரமாகவே நேர் வெயிலில் விரித்துப் பாருங்கள், மத்தியானத்துக்குள் மங்கிவிடும். கவர்களை மட்டும் நிழலில், எலாஸ்டிக் இழுபடாதபடி இடுப்புப் பக்கம் மடித்துத் தொங்கவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் குழந்தைத் துணியைக் கொடியில் விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதை நான் கடைப்பிடிக்கிறேன். காய்ந்த துணி பனியில் மறுபடி ஈரமாவது எனக்குப் போதுமான காரணம்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீரில் நுரை வராது, சோப்பின் பாதி வலு உப்போடு மல்லுக்கு நின்றே தீர்ந்துவிடும். நாலு வாரத்தில் துணி அப்பளம் போல விறைக்கும், சுத்தமாகத் தெரியும், ஈரம் பட்டதும் நாறும். ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா சேர்த்துத் துவையுங்கள். ஆப்பத்துக்குப் போடும் சோடா வேறு, சலவைச் சோடா வேறு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். கடைசி அலசலை மட்டுமாவது குழாயில் வரும் நல்ல தண்ணீரில் செய்ய முடிந்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். விறைத்த துணியைக் கட்டும் முன் இரண்டு கையாலும் கசக்கி மென்மையாக்குங்கள்.

மழை மாதங்கள்

ஐப்பசியும் கார்த்திகையும் துணி கட்டும் வீட்டுக்குச் சோதனைக் காலம். கையிருப்பில் பத்துத் துணி கூடுதலாக வையுங்கள், ஒற்றை அடுக்குத் துணிக்கே முதலிடம் கொடுங்கள். இரவு மின்விசிறிக்குக் கீழே ஸ்டாண்டில் போட்டு, காலையில் இஸ்திரி போட்டால் எஞ்சிய ஈரமும் போகும். கவருக்கு இஸ்திரி ஆகாது. சாம்பிராணிப் புகையின் மேல் கூடையைக் கவிழ்த்து அதில் துணி உலர்த்துவது பழைய வழக்கம். புகை கைக்குழந்தையின் மூச்சுக்கு நல்லதல்ல என்பதால் அதை விட்டுவிடுங்கள், குளித்ததும் காட்டும் சாம்பிராணியையும் தூரத்தில் வைத்துச் சுருக்கமாக முடியுங்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியை ஒருநாளும் கட்டாதீர்கள். இரண்டு நாள் டயப்பர் போட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

தோல் சொல்வதைக் கேளுங்கள்

டயப்பர் போட்டால் புண் வரும், துணி கட்டினால் வராது என்பது சரியல்ல. ஈரமும் மலமும் தோலில் அதிக நேரம் இருந்தால் எதிலும் சிவக்கும். மலத்தில் உள்ள செரிமான நொதிகளே தோலை அரிக்கின்றன. துணியில் ஈரம் வேகமாகத் தெரியும் என்பதால் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மலம் போனால் அப்போதே. வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். டால்கம் பவுடர் வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குள் போகும். தினம் அரை மணி நேரமாவது ரப்பர் ஷீட்டின் மேல் துணி விரித்து, ஒன்றும் கட்டாமல் காற்றாடக் கிடத்துங்கள். தூளியில் போடும்போதும் ஒன்றும் கட்டாமல் விட்டவர்கள் நம் பெரியவர்கள். கீழே சொட்டியதைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

துத்தநாகக் களிம்பு தடவ வேண்டியிருந்தால் துணிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டைப் போடுங்கள், களிம்பு நாப்பியில் படிந்தால் அது ஈரம் குடிக்காது. சிவப்பு மூன்று நாளில் அடங்காவிட்டாலோ, நடுவில் அடர்ந்து சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பரவினாலோ, கொப்புளமோ காய்ச்சலோ இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் போங்கள். புள்ளிகளாகப் பரவுவது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். மூடிக் கட்டும் இடத்தில் அது தோலுக்குள் அதிகம் இறங்கும். அதை ஒருபோதும் நீங்களாகத் தடவாதீர்கள்.

துணியால் ஒரு பெரிய நன்மை உண்டு, யாரும் அதிகம் பேசுவதில்லை. பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளைக்கு 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும்; பால் போதுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். டயப்பரில் இரண்டு முறையா ஐந்து முறையா என்று தெரியாது. துணியில் எண்ணிவிடலாம். வயிற்றுப்போக்கின்போது, ஆறு மணி நேரம் துணி நனையவே இல்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இரவும் வெளியூரும்

இரவுக்கு இரண்டு பட்டை வையுங்கள்: மேலே சீக்கிரம் குடிக்கும் பருத்தி, கீழே மெதுவாக ஆனால் அதிகம் குடிக்கும் சணல் அல்லது மூங்கில் விஸ்கோஸ். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் விடியும்வரை தாங்கும். தாங்காவிட்டால் இரவுக்கு ஒரு டயப்பர் போட்டு நீங்களும் தூங்குங்கள்.

ரயிலில் நாகர்கோவில் வரை போகிறீர்கள் என்றால் டயப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் அரை நாள் பயணத்துக்கு, இரண்டு ஜிப் வைத்த நீர்புகாப் பை ஒன்றில் சுத்தமானது ஒருபுறம், நனைந்தது ஒருபுறம் என்று சமாளிக்கலாம். குழந்தைகள் காப்பகத்தில் விடுபவர்கள், முன்கூட்டியே மடித்துச் சொருகிய பாக்கெட் நாப்பிகளாகக் கொடுத்தனுப்புங்கள்; போடுவதும் கழற்றுவதும் டயப்பர் போலவே என்று ஒருமுறை செய்து காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த எட்டு மணி நேரத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பேறுகால விடுப்பு 26 வாரம் கிடைக்கும் தாய்மார்கள் அந்த விடுப்புக்குள்ளேயே மாற்றத்தைத் தொடங்கினால், வேலைக்குத் திரும்பும் முதல் வாரத்தில் இரண்டு புதுப் பழக்கங்கள் ஒன்றாக வந்து அழுத்தாது.

குழந்தை வளர்ந்து துணிக்கு வேலை இல்லாமல் போகும் நாளும் வரும். மெலிந்த சதுரங்கள் வீட்டுத் துடைப்புத் துணியாகிவிடும். நல்லதாக மிஞ்சியவற்றை அடுத்த குழந்தைக்கோ தங்கை வீட்டுக்கோ எடுத்துவைக்கும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பெட்டியில் பாச்சை உருண்டை போடக் கூடாது. அந்த நாப்தலின் துணியில் ஏறி, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தையின் உடலில் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறைபாடு இருப்பது பிறக்கும்போது பார்த்தால் தெரியாது. காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து போடுங்கள். எலாஸ்டிக் கவர்களை மடக்காமல் விரித்து வையுங்கள். அடுத்த குழந்தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் எடுத்து, சோப்புப் போட்டு ஒருமுறை துவைத்து, மாடியில் நல்ல வெயிலில் ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள்.